முடிவெட்டிக்கொண்ட சுவர்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே கையை விரித்துவிடுவார். ஒத்த மூட்டை அக்கா வீடு எது என்று கேட்டால் போதும். தபால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவர் என்று எல்லோரும் ஒரே திசையில் கை நீட்டுவார்கள்.

பெயர் வந்த கதை சின்னது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் தன் வீட்டுச் சமையலறையைத் தானே இடித்துத் தானே கட்டினாள். இருபது நாள் வேலை. கடைசி நாள் குப்பை வண்டி வந்தபோது ஒரே ஒரு மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வண்டிக்காரர் அதை வாங்கிக்கொண்டு வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்.

"மீதி எங்கம்மா?"

"மீதின்னா?"

"சமையல்கட்டையே புரட்டிப் போட்டீங்கன்னு சொன்னாங்க. ரெண்டு லோடாவது வரும்னு இன்னொரு ஆளையும் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒத்த மூட்டைதானா?"

கூட வந்த ஆள் ஏமாற்றத்தோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவள் பதினெட்டு வருடம் ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவள். சித்தாளாகச் சேர்ந்து, ஆறு வருடம் கல் சுமந்து, கலவைக் குழியில் முட்டிவரை நின்று, கொத்தனார் சாப்பிடப் போன நேரங்களில் கரணையை எடுத்துப் பூசிப் பார்த்துப் பூச்சு வேலைக்கு வந்தவள். அவள் பூசிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால் நடுவில் நிற்கும் குமிழி அசையாது. ஆனால் சிமெண்ட்டுக்கும் அவள் கைக்கும் ஒத்துப்போகவே இல்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, உப்புத் தொட்டால் உயிர் போகும். அதைவிட அவளுக்கு ஆறாத விஷயம், வேலை முடிந்ததும் வீட்டைவிட்டு வெளியேறும் லாரிகள். பழைய பூச்சு ஒரு லோடு, உடைந்த டைல்ஸ் ஒரு லோடு, நல்ல மரத்திலான கதவு நாலு. எல்லாம் போகும். பிறகு அதே அளவுக்குப் புதிதாக உள்ளே வரும்.

ஒருநாள் ஒரு வீட்டை இடிக்கும்போது உள்சுவரிலிருந்து மண்பூச்சு பாளமாக விழுந்தது. நாற்பது வருடம் சுவரில் நின்றது. ஒரு கட்டியைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற வைத்தாள். காலையில் பார்த்தால் குழைந்த களிமண்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. நாப்பது வருசம் சுவரா இருந்துட்டு, ஒரு ராத்திரி தண்ணியில போட்டதும் மறுபடி மண்ணாயிடுச்சு. திருப்பிப் பூசலாம்."

அவள் கணவர் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, ஓயாத வாய். டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இனிமே மதியத்துக்கு எதுல சாப்பாடு கொண்டுபோவ?" என்று கேட்டார்.

அந்த டப்பாவிலிருந்துதான் சமையலறைச் சுவர் பிறந்தது. மண்ணோடு மணல் சேர்க்க வேண்டும். வெடிக்காமல் பிடித்துக்கொள்ள நார் வேண்டும். நாருக்கு எங்கே போவது என்று அவள் யோசித்தபோது சலூனில் ஒரு மூட்டை முடி கூட்டி வைத்திருந்தது. நார்தானே, முடியாக இருந்தால் என்ன? சுவர் அருமையாக நின்றது. இன்றைக்கும் உறவுக்காரர்கள் சாப்பிட வந்தால் கணவர் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டுவார். "பாத்துச் சாப்பிடுங்க. இந்தச் சுவத்துல ஊர்ல பாதிப் பேரோட தலை இருக்கு. உங்க மாமாவோட கிருதா இந்த ஜன்னல் பக்கம்."

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்தார்.

டாக்டர் பழைய மாடி வீடு ஒன்றை வாங்கியிருந்தார். கீழே கிளினிக், மேலே குடித்தனம். வேலை முழுவதும் அந்தக் காண்ட்ராக்டருடையது. ஒருநாள் மதியம் வாசலில் லாரியில் பழைய கதவுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா? நல்லா இருக்கிற பல்லப் புடுங்கிட்டு நீங்க பொய்ப் பல்லு வெப்பீங்களா?"

"வெக்க மாட்டேனே."

"அப்ப இது மட்டும் ஏன்?" என்று லாரியைக் காட்டினாள்.

டாக்டர் அன்று மாலையே அவள் வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்தார். வெளியே பகல் வெயிலின் வெக்கை அடங்கவில்லை. சுவர் குளுகுளுவென்று இருந்தது. பெயிண்ட் வாசனை இல்லை. அடுப்பு எரிந்தும் புழுக்கமில்லை. எல்லாம் பிடித்துப்போய், நாரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முகம் மாறியது.

"அக்கா, என் கிளினிக் சுவத்துல முடி வேண்டாம்."

"சுத்தமான முடிங்க. தலைக்குக் குளிச்சுட்டு வந்தவங்க முடி," என்றார் கணவர்.

"பேஷண்ட்டுக்கு யாராவது சொல்லிட்டா நான் கடையச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான். வேற ஏதாவது போடுங்க."

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. கீழே, காத்திருக்கும் அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவில் இருக்கும் சுவர். காத்திருப்பவர்கள் உட்காரும் பக்கத்தை அக்கா தன் முறையில் செய்துகொள்ளலாம். கிளினிக் திறக்க ஒரு மாதம் இருக்கிறது. அன்றைக்குச் சுவர் சரியாக நின்றால் மாடி முழுவதும் அவளுடைய வேலை, அவளுடைய பெயரில். நிற்காவிட்டால் மாடியும் காண்ட்ராக்டருக்கே.

காண்ட்ராக்டர் கெட்ட மனிதர் இல்லை. கிண்டல்காரர். "போம்மா, போய்ப் பூசிப் பாரு. பதினெட்டு வருசப் பழக்கம், உன் மண்வெட்டியை நான் வித்துட மாட்டேன். கலவைக் குழி உனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்," என்றார்.

அந்தக் கடைசி வரிதான் அவளுக்குள் முள்ளாகத் தங்கியது. திரும்பிப் போனால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு மேல் இன்னொரு பதினெட்டு வருடம் கலவை குழைக்க வேண்டும்.

உதவிக்கு நாத்தனாரைச் சேர்த்துக்கொண்டாள். மண் சலிப்பது அவள் வேலை. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சல்லடை, ஆனால் அது மண் சலிப்பதற்கு முன்பே வந்தது. அவள் காதில் எதைப் போட்டாலும் அங்கே தங்காது என்பதால் வந்தது.

டாக்டர் வீட்டின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய மண் குவிந்து கிடந்தது. அதில் ஒரு கை எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தாள். காலையில் அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேல் களி என்று தெளிந்து நின்றது. களி கொஞ்சம் அதிகம். மணல் சேர்த்தால் சரியாகிவிடும். பழைய சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்த கட்டிகளை வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சரிவுக்கு அடியில் போட்டு நிரவினாள். லாரியில் ஏறியிருந்த கதவுகளில் இரண்டை இறக்கி, காத்திருப்பவர்களுக்கு நீளப் பெஞ்சாக மாற்ற ஆசாரியிடம் கொடுத்தாள்.

நார் மட்டும்தான் பாக்கி. அடுத்த தெருவில் பறவைத் தீனிக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் மாதம் ஒருமுறை கிடங்கைக் கூட்டி, தரையில் பரப்பிய வைக்கோலை வெளியே தள்ளுவார். காய்ந்த, மஞ்சள் மாறாத வைக்கோல். அக்கா கேட்டதும் அவர் கும்பிடாத குறையாக நான்கு கட்டு கொடுத்தார்.

"குப்பைக்குப் போறத வாங்கிட்டுப் போறீங்களே, மகராசியா இருங்க."

அவளுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. கதவு குப்பைக்குப் போகவில்லை, மண் குப்பைக்குப் போகவில்லை, கடைசியில் நார் கூடக் குப்பையிலிருந்தே வந்துவிட்டது. வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, மண்ணோடு மிதித்து, மூன்று நாள் புளிக்க விட்டாள். செங்கல் சுவரை நனைத்து, இரண்டு நாளில் ஒரு விரல் கனத்துக்குப் பூசி முடித்தாள். மண்வாசனை கிளினிக் முழுக்க நிறைந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று கிளம்பிப் போனார்.

பூசி முடித்த ஐந்தாம் நாள் காலை கதவைத் திறந்த சல்லடை, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி."

"என்ன?"

"சுவருக்கு என்னவோ ஆயிருக்கு அண்ணி."

"வெடிச்சிருக்கா?"

"வெடிக்கல." கொஞ்சம் யோசித்தாள். "முளைச்சிருக்கு."

அக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். சுவர் பச்சையாக இருந்தது. தரையிலிருந்து தலை உயரம்வரை, ஊசி ஊசியாக, அரை விரல் உயரத்துக்கு ஆயிரக்கணக்கான முளைகள். தினை, கம்பு, கடுகு. இடையிடையே தலையில் விதையின் ஓட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு சூரியகாந்தி. பறவைத் தீனிக் கடையின் கிடங்கில் சிந்திய தானியம் முழுவதும் அந்த வைக்கோலில் இருந்திருக்கிறது. மண்ணை ஏழு தடவை சலிக்க வைத்தவள், வைக்கோலை ஒரு தடவை உதறிப் பார்க்கவில்லை. இலவசமாகக் கிடைத்த மகிழ்ச்சியில் அப்படியே நறுக்கி, தண்ணீர் ஊற்றி, பக்குவமாக விதைத்திருக்கிறாள்.

ஆசாரி செய்துவைத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழவில்லை.

"அழகாத்தான் இருக்கு அண்ணி," என்றாள் சல்லடை, ஆறுதலாக.

"வாய மூடு. வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது."

"நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்?"

இருவருக்குமே பதில் தெரியும் என்பதால் பேச்சு அங்கேயே நின்றது.

இரவு கணவரிடம் சொன்னாள். அவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

"சிரிச்சிடுங்க. அடக்குனா வயிறு வலிக்கும்."

அவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, முதலாளியம்மா. இப்ப என்ன பண்ணப் போற? இடிச்சுட்டு மறுபடி பூசப் போறியா?"

"மறுபடி பூசுனா காயறதுக்கு நாள் பத்தாது. சுவரு காஞ்சா இதுவும் காஞ்சிடும்னுதான் நினைக்கிறேன். வேரு போறதுக்கு ஈரம் வேணுமே. ஆனா அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படக் கூடாது. புடுங்கவும் முடியாது, புடுங்குனா மண்ணும் கூட வரும்."

"புடுங்க வேண்டாம். வெட்டிடலாம்," என்றார் அவர், தன் தொழிலின் முழுக் கம்பீரத்தோடு.

மறுநாள் கடைக்கு அரைநாள் விடுமுறை விட்டுவிட்டு, கத்தரியும் சீப்பும் மின்கத்தரியும் எடுத்துக்கொண்டு வந்தார். சுவருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எப்படி வேணும்? ஒட்டவா, மீடியமாவா?"

"ஏங்க, விளையாடாதீங்க."

"கேக்கணும்ல. அப்புறம் சைடுல அதிகமா எடுத்துட்டேன்னு சண்டைக்கு வரக் கூடாது."

சுவரைச் சீப்பால் தூக்கித் தூக்கி வெட்டினார். மின்கத்தரியை மண்ணில் உரசாமல் மயிரிழை விட்டு நகர்த்தினார். அவர் கை அவ்வளவு மெதுவாகப் போவதைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததில்லை. சல்லடை விழுந்த பச்சையைக் கூட்டிக் கூட்டி ஒரு முறத்தில் சேர்த்தாள். சாயங்காலத்துக்குள் சுவர் புதிதாகச் சவரம் செய்த கன்னம்போல் ஆகிவிட்டது. முறத்தைப் பறவைத் தீனிக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள் அக்கா. ஏதடா இவ்வளவு தளிர் என்று அவர் கேட்கவில்லை, கிளிகளுக்குப் போட்டுவிட்டார்.

பிறகு ஐந்து நாள் நல்ல வெயில். சுவர் கறுப்பிலிருந்து பழுப்புக்கும், பழுப்பிலிருந்து வெளிறிய தேன் நிறத்துக்கும் மாறியது. வெட்டிய அடிக்கட்டைகள் காய்ந்து, கையால் தேய்த்தால் தவிடுபோல் உதிர்ந்தன. அவளுக்கு மூச்சு வந்தது.

பூசி முடித்த பன்னிரண்டாம் நாள், தான் வெட்டிய தலை எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கணவர் எட்டிப் பார்த்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தவர், ஜன்னலுக்கு அடியில் குனிந்து நின்றார்.

"இங்க வா."

தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை, ஒரு சாண் அகலத்தில், ஒரு பச்சைக் கோடு. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, அந்தக் கோட்டில் மட்டும் முளைகள் மறுபடி வளர்ந்து, வாட்டமே இல்லாமல் நின்றன.

"நான் முப்பது வருசமா தலை பாக்கிறேன்," என்றார். "சிலருக்கு உச்சியில வளராது. சிலருக்குக் காதோரம் மட்டும் காடா வளரும். ஆனா இப்படி ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி யாருக்கும் வளர்ந்ததில்ல. இதுக்கு மட்டும் யாரோ தனியாத் தண்ணி ஊத்தறாங்க."

அக்கா கன்னத்தைச் சுவரில் வைத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வெதுவெதுப்பு. கோட்டின்மேல் ஜில்லென்றது. அவள் பூசும்போது ஊற்றிய தண்ணீர் என்றால் சுவர் முழுக்க இருக்க வேண்டும். இது உள்ளேயிருந்து வருகிறது.

அந்தச் சுவரின் மறுபக்கம் சிகிச்சை அறை. பல் நாற்காலிக்குத் தண்ணீர்க் குழாயைக் காண்ட்ராக்டரின் ஆட்கள் அந்தச் சுவருக்குள்தான் பதித்திருந்தார்கள். அதன்மேல் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் ஒட்டி முடித்து, போன வாரம்தான் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். டைல்ஸ் பக்கம் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

அன்று சாயங்காலமே காண்ட்ராக்டர் வந்துவிட்டார். யார் சொன்னது என்று அக்கா கேட்கவில்லை. சல்லடை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தோட்டம் போட்டிருக்கியாமே. அறுவடை எப்ப?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கோட்டைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க குழாய் ஒழுகுது."

"என் குழாயா? ஏம்மா, மண்ணப் பூசுனா ஈரம் இருக்கத்தான் செய்யும். அதுக்கு என் குழாய் என்ன பண்ணும்?"

"மத்த இடமெல்லாம் காஞ்சிடுச்சே."

அவர் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "இங்க பாரு. திறக்க எட்டு நாள்தான் இருக்கு. இத இப்ப நோண்டுனா உனக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். ரெண்டு கரண்டி சிமெண்ட்ட வெச்சு அந்தக் கோட்ட மூடு. மேல உன் மண்ணைப் பூசு. டாக்டர் வந்து பாப்பாங்க, நல்லா இருக்கும்பாங்க, மாடி உனக்கு. அப்புறம் சாவகாசமாப் பாத்துக்கலாம்."

சொன்னது நல்ல எண்ணத்தில்தான். அவருக்குத் தெரிந்த வழி அது. அவளுக்கும் தெரிந்த வழிதான், பதினெட்டு வருடத்தில் எத்தனையோ ஈரத்தை அப்படி மூடியிருக்கிறாள். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு அந்த வழியிலேயே மனதால் நடந்து பார்த்தாள். எட்டு நாள் தாங்கும். எட்டு மாதமும் தாங்கலாம். பிறகு ஒருநாள் செங்கல் ஊறி, டைல்ஸ் உப்பி, மின்சார வயர்வரை போய்ச் சேரும். அப்போது அவள் மாடியில் கரணையோடு நின்றுகொண்டிருப்பாள். மாடிப் படி ஏறும் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மறுநாள் டாக்டர் ஊரிலிருந்து வந்து, பெட்டியோடு நேராக உள்ளே வந்தார். கோடு முதலில் கண்ணில் பட்டது.

"இது என்ன அக்கா?"

"உள்ள தண்ணி ஒழுகுது டாக்டரம்மா. என் சுவரை ஒரு முழம் வெட்டிப் பாக்கணும். உத்தரவு குடுங்க."

"வெட்டினா திறப்புக்குள்ள முடியுமா?"

"தெரியாது. முடிக்கப் பாக்கிறேன். ஒழுகலன்னா தப்பு என்னோடது, நான் இப்படியே கிளம்பிடறேன்."

டாக்டர், வேலையைப் பார்க்க வந்து நின்ற காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் கதவு வழியாகச் சிகிச்சை அறை டைல்ஸைப் பார்த்தார். "வெட்டுங்க," என்றார் டாக்டர்.

தான் தடவித் தடவிப் பூசிய சுவரில் தானே கரணை முனையை இறக்குவது லேசான வேலையில்லை. முளைத்த மண்ணைப் பாளம் பாளமாக எடுத்து ஒரு சட்டியில் போட்டாள். உள்ளே செங்கல் கறுத்திருந்தது. இரண்டு செங்கலை அசைத்து எடுத்தாள். குழாய் மடங்கும் இடத்து மூட்டில், கண்ணீர்த்துளிபோல் ஒன்று திரண்டு, தயங்கி, விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது திரண்டது.

காண்ட்ராக்டர் முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டு மூட்டைத் தொட்டுப் பார்த்தார். நனைந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் ஆளுங்க பண்ணின தப்புதான் டாக்டர். இன்னிக்கே மாத்திடறேன்."

"டைல்ஸ உடைக்கணுமா?"

"வேண்டாம். இவ திறந்த பக்கத்துலேருந்தே செய்யலாம்." முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "என் டைல்ஸ் தப்பிச்சுது."

டாக்டர் அக்காவிடம் திரும்பினார். முகமெல்லாம் வியப்பு. "எப்படி அக்கா, செடிய வெச்சே கண்டுபிடிச்சீங்க? இதுக்குன்னே விதை போட்டுப் பூசுவீங்களா? இது ஒரு முறையா?"

 கணவர் வாசலில் நின்று, ஆமாம் என்று சொல்லிவிடேன் என்பதுபோல் பார்த்தார். சல்லடை வாயைத் திறந்து, அதிசயமாக மூடிக்கொண்டாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், மாடி கைக்கு வந்துவிடும். வீட்டு ஆட்களைத் தவிர காண்ட்ராக்டருக்கு மட்டும்தான் கதை தெரியும். அவரும் இப்போது எதுவும் சொல்லும் நிலையில் இல்லை.

"முறையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல டாக்டரம்மா," என்றாள் அக்கா. "பறவைத் தீனிக் கடை வைக்கோல உதறாமப் போட்டுட்டேன். சுவரு முழுக்க முளைச்சுடுச்சு. நீங்க ஊர்ல இல்லாதப்ப இவரக் கூட்டிட்டு வந்து முடி வெட்டி மறைச்சேன். இந்தக் கோடு மட்டும் மறுபடி வளந்துச்சு. அதையும் நான் பாக்கல, இவர்தான் பாத்தார்."

டாக்டர் கணவரைப் பார்த்தார். அவர் கத்தரி பிடிக்கும் விரல்களை இரண்டு தடவை அசைத்துக் காட்டினார். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, எங்கிட்ட ஒரு நாளைக்கு முப்பது பேர் வாயைத் திறக்கிறாங்க. தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறியான்னு கேட்டா முப்பது பேரும் ஆமாங்கிறாங்க. உள்ள பாத்தா எல்லாம் தெரியும். கேக்கறதுக்கு மேலயும் சேத்து உண்மையச் சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, திறப்புக்கு ஏழு நாள் இருக்கு. ஓட்டையோட திறக்க முடியாது. என்ன பண்ணப் போறீங்க?"

அக்கா சட்டியைக் காட்டினாள். "வெட்டுன மண்ணு இதோ இருக்கு. முளையையெல்லாம் பொறுக்கிட்டு ஊற வெச்சா நாளைக்குப் பழையபடி ஆயிடும். அதையே திருப்பி வெச்சிடறேன். புதுசா ஒரு பிடி கூட வேண்டாம்."

அன்று சாயங்காலம் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் மண்ணில் தானியம் பொறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் ஆனார்கள். ஒழுகிய குழாயைச் சரிசெய்து முடித்த காண்ட்ராக்டர் கிளம்பாமல் வந்து உட்கார்ந்து, "எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், தினை மட்டும் நீங்க பாத்துக்குங்க, சூரியகாந்தி என் பொறுப்பு," என்றார்.

மறுநாள் ஓரங்களை நனைத்து, அதே மண்ணை அதே இடத்தில் வைத்து அழுத்தினாள். இரண்டு மின்விசிறிகள் இரவும் பகலும் சுற்றின. பிறகு சுவர் முழுவதற்கும் மெல்லிய மேல்பூச்சு. திறப்பு நாள் காலையில் வந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஒட்டு போட்ட இடம் மட்டும் கொஞ்சம் நிறம் கூடுதலாக இருந்தது, இன்னும் நாலு நாளில் ஒன்றாகிவிடும். வந்தவர்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பல்வலிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சுவரில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார்கள்.

குப்பை வண்டி வந்தபோது அக்கா ஒரு மூட்டையை நீட்டினாள். கிழிந்த பிளாஸ்டிக் உறைகள், உடைந்த குழாய் மூட்டு, துருப்பிடித்த ஆணிகள். முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது. வண்டிக்காரர் இந்தமுறை தனியாகத்தான் வந்திருந்தார்.

கூட்டம் குறைந்ததும் டாக்டர் மாடிச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"எல்லாம் உங்க இஷ்டம் அக்கா. அந்த முடி விஷயம் மட்டும்..."

"போட மாட்டேன் டாக்டரம்மா."

"அவ்வளவு நல்ல முடி," என்று முணுமுணுத்தார் கணவர்.

அவள் படியிறங்கும்போது காண்ட்ராக்டர் வாசல் சரிவில் நின்று, காலால் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடிக்கு எத்தனை ஆள் வேணும்?" என்று கேட்டார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"ரெண்டு பேர் போதும்ணே. எப்ப அனுப்பறீங்க?"

"நீ சொல்ற அன்னிக்கு." பிறகு நினைத்துக்கொண்டவர்போல, "உன் மண்வெட்டி அங்க சும்மாதான் கிடக்கு. அவங்ககிட்டயே குடுத்தனுப்பறேன்," என்றார்.

இப்போது சலூனுக்குப் போகிறவர்கள் நடுக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக நான்கு கண்ணாடி டம்ளர்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி வைக்கோல், நனையும் அளவுக்குத் தண்ணீர். ஒவ்வொரு கட்டு வைக்கோலும் ஐந்து நாள் அங்கே இருந்து தேறினால்தான் மாடிக்குப் போகும். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர்கள், அது என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

"வளக்கல," என்கிறார் கணவர். "ஒண்ணும் வளரக் கூடாதுன்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

ஐந்தாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து மண் காய்ந்த கைகளோடு அக்கா வருவாள். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். வைக்கோல் வெறும் வைக்கோலாகவே இருக்கும். அப்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தை, நல்ல மகசூல் கண்டவர்களிடம்கூடப் பார்க்க முடியாது.